கொப்பிக் கணக்கு போனுக்கு மாறினால் வங்கி கடன் தருமா?

போன இதழில் ஒரு வாசகி, போனில் எழுதிய கணக்கைக் கொண்டுபோய் வங்கியில் கடன் எடுத்ததாக இரண்டு வரி எழுதியிருந்தார். அதைப் போட்டதுதான் தாமதம், வவுனியாவிலிருந்து முல்லைத்தீவு வரை கடிதமும் வட்சப்புமாக வந்து குவிந்துவிட்டது. ஆகவே இந்த முறை தலைமுடி, சமையல், மாமியார் கேள்விகளுக்கு விடுமுறை. காசு விசயம் என்பதால் ஊரை மட்டும் போடுகிறேன், பெயர் வேண்டாம்.

*அக்கா, பதினொரு வருசமாகப் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். எல்லாம் சி.ஆர். கொப்பியில் இருக்கிறது. கடையைப் பெருப்பிக்க 5 இலட்சம் கேட்டு வங்கிக்குப் போனால், "உங்களிடம் ஒழுங்கான கணக்கு இல்லையே" என்கிறார்கள். மகன் போனில் ஒரு கணக்கு ஆப் போட்டுத் தந்திருக்கிறான். அதைக் காட்டினால் தருவார்களா?* (விசுவமடு)

போனைத் தூக்கிக் காட்டினால் தரமாட்டார்கள். ஆனால் மகன் செய்தது நல்ல காரியம், அவனை ஏசாதீர்கள்.

உங்கள் கொப்பியில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும், கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கெழுதிய காலத்தில் இப்படி எத்தனையோ கொப்பிகளைப் புரட்டியிருக்கிறேன். யார் யார் எவ்வளவுக்குக் கடன் சொல்லி வாங்கினார்கள் என்பது இருக்கும். காசு தந்ததும் குறுக்கே ஒரு கோடு. எப்போது தந்தார், முழுதாகத் தந்தாரா, பாதியா, ஒன்றும் இருக்காது. கடைக்கு என்ன சாமான் வந்தது, வீட்டுக்கு எவ்வளவு எடுத்தீர்கள் என்பதெல்லாம் உங்கள் தலைக்குள் இருக்கும். வங்கியில் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு உங்கள் தலைக்குள் பார்க்க வழியில்லை. மாதம் முடிய உங்கள் கையில் என்ன மிஞ்சும், அதில் தவணை கட்டுவீர்களா என்பதுதான் அவருக்குத் தெரியவேண்டும். தெரியாவிட்டால் குறைவாக மதிப்பிட்டுக்கொள்வார், அல்லது நாளைக்கு வாருங்கள் என்பார்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு நாள் விற்பனை 18,000 ரூபா என்று வையுங்கள். அதில் நூற்றுக்குப் 15 ரூபா உங்களுக்கு நிற்கிறது என்றால் 2,700. மாதம் 26 நாள் கடை திறந்தால் 70,200. கரண்ட், லொறிக்கூலி, பை, இத்தியாதிக்கு 14,000 போனால் 56,200. வீட்டுச் செலவுக்கு நீங்கள் எடுப்பது 35,000, மிச்சம் 21,200. இங்கேதான் எல்லோரும் நிறுத்திவிடுவார்கள். அந்த மாதம் கடன் கொப்பியில் புதிதாக ஏறிய, இன்னும் வராத காசு 6,000 இருக்குமே? அதைக் கழித்தால் கையில் இருப்பது 15,200 தான். இதில் பாதிக்கு மேல் தவணைக்குப் போகக்கூடாது என்பது என் கட்டுப்பாடு (பிள்ளைக்குக் காய்ச்சல் வரும், பிரிட்ஜ் பழுதாகும்), ஆக மாதம் 7,500 கட்டலாம். 15 வீத வட்டியில் 5 வருசத்துக்கு 5 இலட்சம் எடுத்தால் தவணை கிட்டத்தட்ட 11,900 வரும். 3 இலட்சம் என்றால் 7,100 சொச்சம். கணக்கு எழுதினால் வங்கிக்கு முன்னால் உங்களுக்கே ஒரு விசயம் தெரிந்துவிடும்: நீங்கள் கேட்கவேண்டியது 5 அல்ல, 3. இந்த எண்கள் நான் உதாரணத்துக்குப் போட்டவை, உங்கள் எண்களை வைத்து இதே வரிசையில் கழித்துப் பாருங்கள்.

இனி அந்த ஆப். காத்தாபுக், ஓகேகிரெடிட் போன்ற இந்தியச் செயலிகள் தொடக்கத்தில் இந்தக் கடன் கொப்பியைத்தான் போனுக்குள் கொண்டுவந்தன. யார் எவ்வளவு தரவேண்டும் என்பதை நன்றாகச் சொல்லும், கடனாளிக்கு மெசேச்சும் அனுப்பும். அது மட்டும் போதாது. விற்பனை, கொள்முதல், செலவு, வீட்டுக்கு எடுத்தது, இந்த நான்கையும் தனித்தனியாகப் பதிய இடமிருக்கிறதா, மாதாந்த அறிக்கையை பி.டி.எஃப். ஆக எடுத்து அச்சிட முடியுமா என்று மகனைப் பார்க்கச் சொல்லுங்கள். இடமில்லை என்றால் வேறொன்றைப் போடட்டும்.

இன்னொன்று. செயலியில் மாத விற்பனை 4 இலட்சத்து 68 ஆயிரம் என்று இருக்க, வங்கிப் புத்தகத்தில் வருசம் முழுவதற்கும் 60 ஆயிரம்தான் போட்டிருந்தால், அந்த அறிக்கையை யார் நம்புவார்? கடைக்கென்று தனிக் கணக்கு ஒன்று திறந்து, இரண்டு நாளைக்கு ஒருமுறையாவது விற்ற காசைப் போட்டு, கொம்பனி லொறிக்காரருக்குக் கொடுப்பதையும் அதிலிருந்தே எடுத்துக் கொடுங்கள். அவர்கள் தரும் பில்லைப் போட்டோ எடுத்து வையுங்கள். ஆறு மாதம், முடிந்தால் ஒரு வருசம். அதற்குப் பிறகு வங்கிக் கூற்று ஒரு கையிலும் உங்கள் அறிக்கை மறு கையிலுமாகப் போனால், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவருக்குச் சந்தேகப்பட அதிகம் இருக்காது. தந்தே ஆகவேண்டும் என்று சட்டமில்லை, ஆனால் பேச்சு வேறு மாதிரிப் போகும்.

*எங்களுடையது கோயிலடிக் கச்சான் கடை. பஸ் நின்று எடுக்கும் பத்து நிமிசத்தில்தான் வியாபாரம். ஒவ்வொரு பைக்கற்றையும் போனில் அடித்துக்கொண்டு நின்றால் பஸ் மாங்குளம் தாண்டிவிடும்.* (முறிகண்டி)

சிரித்துவிட்டேன். ஒவ்வொரு பைக்கற்றையும் அடிக்கச் சொன்னது யார்? காலையில் பெட்டியில் எவ்வளவு சில்லறை வைத்தீர்கள் என்பதை எழுதுங்கள். இரவு பெட்டியை எண்ணுங்கள். பகலில் அதிலிருந்து தேத்தண்ணிக்கு, விறகுக்கு, பிள்ளையின் பஸ் காசுக்கு என்று எடுத்ததை அதோடு கூட்டி, காலையில் வைத்ததைக் கழியுங்கள். அதுதான் அன்றைய விற்பனை, இரண்டு நிமிச வேலை. அந்த எடுத்த காசை எழுத மறப்பதுதான் பெரிய ஓட்டை. எடுக்கும்போதே பெட்டிக்குள் ஒரு துண்டு போட்டுவிடுங்கள்.

மத்திய வங்கி கொண்டுவந்த லங்கா கியூஆர் அட்டை ஒன்றும் வங்கியில் கேட்டு வாங்கித் தொங்கவிடுங்கள். பஸ்ஸில் வருபவர்கள் காசுதான் தருவார்கள், ஆனால் கொழும்பிலிருந்து வானில் யாழ்ப்பாணம் போகிற கூட்டம் போனைத்தான் முதலில் எடுக்கும். அந்தக் காசு நேரே கணக்குக்குப் போய்விடும், நீங்கள் எழுதாமலே வங்கி உங்களுக்காக எழுதி வைக்கும். வங்கி சிறு தரகு பிடிக்கும், எவ்வளவு என்று முதலே கேளுங்கள்.

*போனில் கணக்கு வைத்தால் வரிக்காரர் வந்துவிடுவார் என்று பக்கத்துக் கடைக்காரர் சொல்கிறார். உண்மையா?* (மல்லாவி)

பக்கத்துக் கடைக்காரருக்கு உங்கள் மேல் அக்கறை, சரி. வருமான வரி இலாபத்துக்கு, விற்பனைக்கு அல்ல. 2025 ஏப்ரலிலிருந்து தனி ஆளுக்கு வருசத்துக்கு 18 இலட்சம் வரை வரி இல்லை, அதாவது மாதம் ஒன்றரை இலட்சம் மிஞ்சினாலும் பயமில்லை. உங்கள் கடையில் அதற்கு மேல் மிஞ்சுகிறது என்றால் எனக்கும் கொஞ்சம் சொல்லுங்கள், வந்து பார்க்கிறேன். ரின் (TIN) என்கிற வரி இலக்கம் எடுத்தவர் எல்லோரும் வரி கட்டவேண்டும் என்பதும் இல்லை. கணக்கே இல்லாதவரிடம்தான் அதிகாரி தானாக ஒரு தொகையை மதிப்பிடுவார், கணக்கு இருந்தால் அதைக் காட்டி வாதாடலாம். வங்கிக்கு ஒரு கணக்கு, வரிக்கு இன்னொரு கணக்கு என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள்.

*காணி இருக்கிறது, ஆனால் பெர்மிட் காணி. உறுதி இல்லை என்று வங்கி பிணைக்கு எடுக்கவில்லை. கணக்கு எழுதினால் காணி தேவையில்லையா?* (வட்டக்கச்சி)

வன்னியில் குடியேற்றத் திட்டங்களில் இருக்கும் பாதிச் சனத்தின் கதை இதுதான் என்று தோன்றுகிறது. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கிடைத்த அனுமதிப்பத்திரக் காணியை நினைத்தபடி விற்கவோ ஈடு வைக்கவோ முடியாது, அதனால்தான் வங்கி கையை விரிக்கிறது. காணியைக் காட்ட முடியாதவருக்குக் காட்ட இருப்பது வருமானம்தான். பெரிய தொகைக்கு இது உதவாது. சிறு தொகைக்கு, இரண்டு பிணையாளிகளோடு, கணக்கு நன்றாக இருந்தால் கேட்டுப் பார்க்கலாம். கூட்டுறவுச் சிக்கனக் கடன் சங்கத்தில் முதலில் கேளுங்கள், அவர்களுக்கு உங்களையும் தெரியும், உங்கள் அப்பாவையும் தெரியும்.

*அக்கா, நான் தையல் செய்கிறேன், தனியாகத்தான் பிள்ளைகளைப் பார்க்கிறேன். இரண்டு இடத்தில் கிழமைக் கடன் ஓடுகிறது. ஒன்றை அடைக்க மற்றதை எடுத்தேன். இப்போது வங்கியில் குறைந்த வட்டிக்குக் கேட்டால் "கிரிப்பில் இருக்கிறீர்கள்" என்கிறார்கள். என் பெயர் கறுப்புப் பட்டியலில் போய்விட்டதா? கணக்கு எழுதிக் காட்டினால் எடுத்துவிடுவார்களா?* (புதுக்குடியிருப்பு)

தங்கச்சி, முதலில் பயத்தை விடுங்கள். கிரிப் என்பது கடன் தகவல் பணியகம், 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது. அங்கே கறுப்புப் பட்டியல் என்று ஒன்று இல்லை. நீங்கள் எங்கே எவ்வளவு எடுத்தீர்கள், ஒழுங்காகக் கட்டினீர்களா, யாருக்காவது பிணை நின்றீர்களா என்பதெல்லாம் அங்கே பதிவாகியிருக்கும். கடன் தருவதா இல்லையா என்று முடிவெடுப்பது வங்கிதான், கிரிப் அல்ல. அடையாள அட்டையைக் கொண்டு வங்கிக்குப் போய் உங்கள் சொந்த அறிக்கையை நீங்களே கேட்டு எடுக்கலாம். எடுத்து வாசியுங்கள். கட்டி முடித்த கடன் இன்னும் நிலுவை என்று இருந்தால் கொடுத்த நிறுவனத்திடம் சொல்லித் திருத்தலாம். பிணை நின்ற ஆள் கட்டாமல் விட்டதும் உங்கள் பெயரில்தான் தெரியும், குழுக் கடனில் எங்கள் பெண்கள் மாட்டுப்படுவது பெரும்பாலும் இங்கேதான். பதிவில்லாத வட்டிக்காரரிடம் வாங்கி நீங்கள் ஒரு நாள் தவறாமல் கட்டியது மட்டும் அதில் வராது. அநியாயம்தான், ஆனால் அப்படித்தான்.

இரண்டாவது, வட்டி. 1 இலட்சத்துக்கு வருசத்துக்கு 24 வீதம் என்று சொல்லி, 24,000 ஐக் கூட்டி 12 ஆல் பிரித்து மாதம் 10,333 கட்டச் சொல்வார்கள். கேட்க 24 தானே என்றிருக்கும். மாதா மாதம் முதல் குறைந்துகொண்டு வருகிறது, வட்டி மட்டும் கடைசி வரை முழு இலட்சத்துக்கும் போகிறது. குறைந்து செல்லும் மிச்சத்தில் கணக்குப் பார்த்தால் அது 41 வீதத்துக்கு மேல். வங்கி சொல்லும் 15 ஐயும் இவர்கள் சொல்லும் 24 ஐயும் அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிடாதீர்கள். 2018 இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த 1 இலட்சம் வரையான நுண்கடன் நிலுவைகளைத் தள்ளுபடி செய்ய அரசு முன்வந்ததும், வட்டிக்கு 35 வீதம் என்று உச்சவரம்பு வைத்ததும் இந்த மாதிரி அழுத்தத்தைப் பார்த்துத்தான். அதற்குப் பிறகும் கிழமைக்கிழமை தவணை வாங்க வருபவரின் மோட்டார் சைக்கிள் வாசலில் நிற்பது நிற்கவில்லை என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

கணக்குக்கு வருவோம். எழுதுங்கள், ஆனால் வங்கிக்காக அல்ல, இப்போதைக்கு உங்களுக்காக. ஒரு சட்டை தைக்க நூல், பொத்தான், கரண்ட் போக எவ்வளவு நிற்கிறது? ஒரு கிழமையில் எத்தனை? அதைக் கிழமைத் தவணையோடு பொருத்துங்கள். தவணை பெரிதாக இருந்தால் புதுக் கடன் எந்த வங்கியில் எடுத்தாலும் அது மருந்தில்லை. அந்தக் கணக்கைக் கொண்டுபோய்க் கடன் தந்தவரிடம் தவணையைக் குறைத்துக் காலத்தை நீட்டக் கேளுங்கள். வாயால் கேட்பதை விட எண்ணால் கேட்பது கொஞ்சம் எடுபடும். பள்ளிக்கூடச் சீருடை தைக்கும் மாதங்களில் வரும் மேலதிகக் காசில் பெரிய வட்டிக் கடனை முதலில் அடையுங்கள். வங்கிக்கு அதற்குப் பிறகு போகலாம்.

*ஐந்து நிமிசத்தில் கடன் தரும் ஆப் ஒன்று வந்திருக்கிறது. கணக்கும் வேண்டாம், பிணையும் வேண்டாம். எடுக்கலாமா?* (செட்டிகுளம்)

வேண்டாம். உங்கள் போனிலுள்ள ஆட்களின் இலக்கங்களையும் படங்களையும் அது ஏன் கேட்கிறது என்று யோசித்தீர்களா? நீங்கள் ஒரு நாள் பிந்தினால் உங்கள் சின்னம்மாவுக்கும் பெரியப்பாவுக்கும் கோல் எடுக்கத்தான். தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று 2022 இல் ஒன்று வந்திருக்கிறது, ஆனால் சட்டம் வந்து சேருமுன் கோல் வந்துவிடும். கணக்குச் செயலி போடும்போதும் இதே கவனம் வேண்டும்.

*சிறிய நெல்லு மில். தை, மாசி, பங்குனியில் காசு புரளும், அதற்குப் பிறகு இல்லை. மாதக் கணக்கு எழுதினால் பாதி மாதம் நட்டமாகத்தானே தெரியும்? வங்கி பயப்படாதா?* (ஒட்டுசுட்டான்)

நல்ல கேள்வி, ஐயா. ஆறு மாதக் கணக்கைக் கொண்டுபோனால் பயப்படும். அதுவும் ஆனியில் தொடங்கி கார்த்திகை வரை என்றால் சொல்லவே வேண்டாம். நீங்கள் காட்டவேண்டியது ஒரு பெரும்போகமும் ஒரு சிறுபோகமும் சேர்ந்த முழு வருசம், இரண்டு வருசம் இருந்தால் இன்னும் நல்லது. முத்தையன்கட்டுக் குளத்தில் தண்ணீர் குறைந்தால் சிறுபோக விதைப்பும் குறையும், உங்கள் மில்லும் படுத்துவிடும் என்பது ஊருக்கே தெரியும். வங்கிக்கு அது எண்ணாகத் தெரியவேண்டும். தெரிந்தால், மாதாமாதம் ஒரே தவணை கட்டச் சொல்லாமல் அறுவடைக்குப் பிறகு பெரிதாகவும் மற்ற மாதங்களில் வட்டி மட்டுமாகவும் கட்டுகிறேன் என்று நீங்கள் கேட்க ஒரு நியாயம் இருக்கும். கேட்காமல் யாரும் தானாகத் தரமாட்டார்கள்.

ரூபாவோடு மூடையையும் கிலோவையும் எழுதுங்கள். 2021 இல் இரசாயன உரத்தைத் தடை செய்த பிறகு விளைச்சல் விழுந்தது, 2022 இல் விலைவாசி ஏற்றம் 70 வீதத்தைத் தொட்டது. அந்த வருசத்து ரூபாக் கணக்கை மட்டும் பார்த்தால் மில் பெருத்துப் போனது போல இருக்கும், மூடைக் கணக்கைப் பார்த்தால்தான் இளைத்தது தெரியும். எத்தனை மூடை குத்தினீர்கள், கூலிக்குக் குத்தியது எவ்வளவு, வாங்கிக் குத்தி விற்றது எவ்வளவு என்று பிரித்தும் வையுங்கள். இரண்டுக்கும் இலாபம் ஒன்றல்ல, கடன் தேவைப்படுவது இரண்டாவதற்குத்தான்.

*எட்டுப் பெண்கள் சேர்ந்து அரிசிமா, மிளகாய்த்தூள் செய்கிறோம். ஒரே ஒரு பிள்ளைக்குத்தான் இந்தச் செயலி விளங்குகிறது. அதுவும் ஆங்கிலம். கொப்பியே போதாதா?* (நெடுங்கேணி)

அந்த ஒரு பிள்ளை கலியாணம் முடித்து கனடா போய்விட்டால் உங்கள் கணக்கும் கூடவே விமானம் ஏறிவிடும். ஆகவே செயலியை விடுங்கள். கூகுள் ஷீட்டில் தமிழில் தலைப்புப் போட்டு ஐந்து நிரல் போதும்: திகதி, விவரம், வந்தது, போனது, மிச்சம். இரண்டு பேருக்குப் பழக்குங்கள். கொப்பியையும் கைவிடவேண்டாம், அன்றன்றைக்குக் கொப்பியில் எழுதி ஞாயிற்றுக்கிழமை ஷீட்டில் ஏற்றுங்கள், ஏற்றும்போது ஒருவர் உரத்து வாசிக்க மற்றவர்கள் கேட்கவேண்டும். எட்டுப் பேர் காசில் சண்டை வராமல் இருக்க இதை விட மலிவான வழி நான் பார்க்கவில்லை. ஒவ்வொருவரின் வேலை நேரத்துக்கும் ஒரு கூலி போடுங்கள். மிளகாய் விலையை எழுதுவோம், இடித்த கையை எழுதமாட்டோம், பிறகு இலாபம் என்று சந்தோசப்படுவோம்.

குழுவின் பெயரில் கடன் கேட்பதானால் பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிந்து, அந்தப் பெயரில் வங்கிக் கணக்கு திறவுங்கள். யாரோ ஒருவரின் சொந்தச் சேமிப்புப் புத்தகத்தில் எட்டுப் பேரின் காசு ஓடினால், கடைசியில் அது அவருடைய வருமானமாகத்தான் தெரியும்.

*ஒன்பது மாதக் கணக்கு போனில் இருந்தது. தண்ணீர் அள்ளும்போது போன் கிணற்றுக்குள் விழுந்துவிட்டது. எல்லாம் போச்சா?* (புளியங்குளம்)

செயலியில் ஈமெயில் அல்லது போன் இலக்கம் கொடுத்துப் பதிந்திருந்தீர்களா? பதிந்திருந்தால் பழைய இலக்கத்துக்கே புது சிம் எடுத்து, வேறு போனில் அதே செயலியை இறக்கி உள்நுழைந்து பாருங்கள், பல செயலிகளில் கணக்கு அப்படியே வந்து நிற்கும். பதியாமல் போனுக்குள் மட்டும் வைத்திருந்தால், கிணற்றை இறைத்தாலும் கணக்கு கிடைப்பது கடினம். வங்கிக் கூற்றும் பில்களும் இருந்தால் அதை வைத்துக் கொள்முதலையாவது திரும்ப எழுதலாம். இனி மாதம் முடிய அறிக்கையை அச்செடுத்து ஒரு பைலில் போடுங்கள், வட்சப்பில் மகளுக்கும் ஒன்று அனுப்பிவிடுங்கள். வாளி விடும்போது போனைச் சட்டைப்பையில் வைக்காதீர்கள்.